முட்டைக்கும் சாதி கேட்கிறான்

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது அது. உயரம், எடை, நிறம், ரத்த வகை, படிப்பு, அதற்கெல்லாம் கீழே 'விரும்பும் சமூகம்'. சாதி என்று அச்சடிக்க வெட்கம். சமூகம் என்று போட்டுவிட்டால் பீ கூடச் சந்தனமாகிவிடும் ஊரல்லவா இது!

எனக்கும் என் துணைவிக்கும் கல்யாணமாகி எட்டு வருஷம். குழந்தை இல்லை. அவள் சினைப்பையில் முட்டை குறைந்துவிட்டது, வேறொரு பெண்ணின் முட்டையை வாங்கி உங்கள் விந்தோடு சேர்த்துக் கருவாக்கி இவங்க கர்ப்பப்பையில் வைக்கலாம் என்றார் டாக்டர். அதற்காகப் போன இடத்தில்தான் இந்தப் படிவம். அந்த மையத்தின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் அது ஒரு கடையின் தப்பாகச் சுருங்கிப்போகும். கூலிப் பிரச்சினை, நிலம், சுடுகாட்டுப் பாதை எவ்வளவோ கிடக்க, பேங்க் கிளார்க்கின் பிள்ளைப் பிரச்சினையா இந்தப் பத்திரிகைக்கு என்று சில தோழர்கள் முணுமுணுப்பார்கள். படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கவுன்சலிங் அறையில் இருந்த பெண் நல்ல பெண். சிரித்த முகம். "சார், உங்க கம்யூனிட்டியிலயே டோனர் வேணும்னா கஷ்டம் சார். வர்றவங்க எல்லாரும் எஸ்.சி. வேணாம்னு எழுதிக் குடுத்துடறாங்க, அதனால நாங்க வெச்சிக்கிறதே இல்ல" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, டிஸ்கவுண்ட் தருகிறவளைப் போல, "உங்களுக்கு முதலியார்லயே தர்றோம் சார். நல்ல கலர். யாருக்குத் தெரியப்போவுது?"

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். 'நல்ல கலர்' என்றதும் ஒரு நொடி என் மனசுக்குள் ஒரு சிவத்த குழந்தை தவழ்ந்து போனது. மேடை மேடையாகக் கறுப்பைப் பாடுகிறவன் நான். கைதட்டல் வாங்கியிருக்கிறேன். பக்கத்தில் இருந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "உங்களுக்கும் ஆசதான், இல்ல?" என்றாள். கடலூர் வந்து இறங்கும்வரை நான் வாய் திறக்கவில்லை. பார்ப்பனியம் அக்கிரகாரத்தில் இருக்கிறது, ஆதிக்க சாதித் தெருவில் இருக்கிறது என்று எழுதியாயிற்று. என் விந்துப் பைக்குள்ளேயும் கொஞ்சம் இருக்கிறது.

அடுத்த முறை போனபோது லிஃப்ட் வேலை செய்யவில்லை. பின்பக்கப் படிக்கட்டில் ஏறினோம். அங்கே சுவரோரம் நான்கைந்து பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தாள். எனக்கு அந்த முகம் தெரியும். சிதம்பரம் பக்கத்துக் காலனி. மகளிர் குழுக் கடன் கட்ட என் கவுண்டருக்கு வந்துபோகிறவள். ரெண்டு தவணை பாக்கி.

"அண்ணே, ஊர்ல சொல்லிடாதண்ணே" என்றாள். சொல்லமாட்டேன் என்றேன். என் துணைவி அவளருகே உட்கார்ந்து மெல்லக் கேட்டாள். பத்து நாளாகத் தினம் வயிற்றில் ஊசி. நாளைக்கு மயக்க மருந்து கொடுத்து எடுத்துவிடுவார்களாம். வயிறு உப்பிக் கிடக்கிறது, மூச்சு வாங்குகிறது. கூட்டிவந்த புரோக்கரம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள்: "யாராச்சும் கேட்டா முதலியார்னு சொல்லு."

தோழர்களே, எஸ்.சி. டோனர் கிடைப்பதில்லை என்று மாடியில் சொல்கிறார்கள். படிக்கட்டில் உட்கார்ந்திருப்பது யார்?

வீராணம் ஏரிப் பாசனத்தில் நம்முடைய பெண்கள் சேற்றில் நின்று நட்ட நாற்றுதான் நெல்லாகி, அரிசியாகி, எல்லா வீட்டு அடுப்பிலும் வேகிறது. அரிசிக்குத் தீட்டில்லை, நட்டவளுக்குத்தான் தீட்டு. அதே கணக்குதான் இப்போது உடம்புக்குள் புகுந்திருக்கிறது. முட்டை வேண்டும். முட்டைக்காரி வேண்டாம். அவள் சாதியைக் கோப்பில் மாற்றி எழுதிவிட்டால் தீட்டுக் கழிந்தது.

2022 ஜனவரியிலிருந்து இதற்கென்று மத்திய அரசின் சட்டம் ஒன்று நடப்பில் இருக்கிறது. முட்டை கொடுப்பவளுக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே தடவைதான் கொடுக்கலாம். 7 முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருத்தியின் முட்டையை ஒரு தம்பதிக்கு மேல் தரக்கூடாது. அவளுக்கு 12 மாதக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும். விற்பனை குற்றம். காகிதத்தில் எல்லாம் அழகு. சட்டம் வந்த அதே வருஷம் ஜூனில் ஈரோட்டில் என்ன வெளியே வந்தது? 16 வயதுச் சிறுமி. ஆதாரில் வயதைக் கூட்டிப் போலி அட்டை. எட்டுத் தடவை முட்டை எடுத்திருக்கிறார்கள். பெற்ற தாய், தாயோடு இருந்தவன், தரகுக்காரி எல்லோரும் கைதானார்கள். ஒரு தடவைக்கு 20,000 ரூபாய், தரகு 5,000 என்று பத்திரிகைகள் எழுதின. தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா என்று மூன்று மாநில ஆஸ்பத்திரிகள் சம்பந்தப்பட்டிருந்தன. ஒரு குழந்தையின் வயிற்றில் எட்டுத் தடவை ஊசி இறங்கும்போது அட்டையிலிருந்த வயதை ஒருவரும் சந்தேகப்படவில்லை. முட்டையின் சாதியை மட்டும் எத்தனை கரிசனத்தோடு விசாரிக்கிறார்கள், பாருங்கள்.

ஊசியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இயற்கையில் மாதத்துக்கு ஒரு முட்டை முதிரும். ஹார்மோன் ஊசி போட்டு ஒரே நேரத்தில் பலவற்றை முதிர வைக்கிறார்கள். சிலருக்குச் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோர்த்துக்கொள்ளும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. விந்து கொடுப்பதைப்போல அஞ்சு நிமிஷ வேலையல்ல. படிக்கட்டில் மூச்சு வாங்கியவளை டாக்டரிடம் சொல்லிப் பார்க்க வைக்க என் துணைவி சண்டை போட வேண்டியிருந்தது.

அந்தச் சட்டத்திலேயே இன்னொரு பிரிவு இருக்கிறது. இப்படிப் பிறக்கும் குழந்தை, சிகிச்சைக்கு வந்த தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும், முட்டை தந்தவளுக்குப் பெற்றோர் உரிமை எதுவும் கிடையாது. அப்படியென்றால் காலனிக்காரியின் முட்டையில் பிறந்த பிள்ளை சட்டப்படி முதலியார் பிள்ளை. நான் 'முதலியார்' முட்டை வாங்கினால் பிறப்பது சட்டப்படி பறையன் பிள்ளை. சாதி ரத்தத்தில் வருகிறது என்று ஆயிரம் வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவனின் வாயை ஒரு கண்ணாடித் தட்டு அடைத்துவிட்டது. 23 குரோமோசோமில் எதில் ஒட்டியிருக்கிறது சாதி? கோத்திரத்தை அப்பன் வழியில் எண்ணுகிறான். மைட்டோகாண்ட்ரியா அம்மா வழியில் மட்டுமே வருகிறது. விஞ்ஞானத்துக்குக் குறும்பு ஜாஸ்தி.

சாதியின் உயிர்நாடி அகமணம்தான் என்று 1916-ல் கொலம்பியாவில் கட்டுரை படித்தார் அம்பேத்கர். அகமணம் என்றால் வேறென்ன, பெண்ணின் கர்ப்பப்பைக்குப் போட்ட பூட்டு. அந்தப் பூட்டை உடைத்தால் என்ன நடக்கும் என்பதைக் கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள் முருகேசனும் கண்ணகியும். அவன் பறத்தெருக்காரன், கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். அவள் வன்னியர் வீட்டுப் பெண். ஜூலை 8, புதுக்கூரைப்பேட்டைச் சுடுகாட்டில் இரண்டு பேருக்கும் காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றினார்கள், எரித்தார்கள். தீர்ப்பு வர 2021 செப்டம்பர் ஆனது. பெண்ணின் அண்ணன், அப்பா, போலீஸ்காரர்கள் எல்லோரும் குற்றவாளிகள். அந்தச் சுடுகாட்டில் விஷமாக ஊற்றியதைத்தான் ஏ.சி. அறையில் மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டமாகப் போட்டுப் பேனாவைக் கையில் கொடுக்கிறார்கள்.

நந்தனை எரித்த சிதம்பரம் இது. தீயில் இறங்கி, பூணூல் போட்ட வேதியனாக எழுந்து வந்தார் என்று பெரிய புராணம் பாடுகிறது. பழைய உடம்பு போனால்தான் உள்ளே விடுவான். படிக்கட்டில் இருந்தவளுக்கும் அதே நிபந்தனைதான், தீக்குப் பதிலாக ஒரு வார்த்தை: முதலியார்னு சொல்லு.

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டுக் குஷியாகிவிட்டார். "அருமை தோழர்! ஆதிக்க சாதி வீடு ஒவ்வொண்ணுலயும் நம்ம முட்டை. இதைவிடக் கட்டுடைப்பு வேறென்ன?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொய்யில் கலந்தது கலப்பல்ல. அந்த வீட்டில் வளர்கிற பையன் நம்மைப் பார்த்தால் மூக்கைப் பிடிக்கத்தான் கற்றுக்கொள்வான். அவனைப் பெற்ற முட்டையின் தெருவுக்கே நாளைக்குப் பெட்ரோல் கேனோடு வருவான். ரகசியம் சாதியை ஒழிக்காது, அதற்கு ஊறுகாய்ப் பானை மாதிரி மூடி போட்டுக் காப்பாற்றும்.

வெளிப்படையாகக் கேட்போம். கருத்தரிப்பு மையத்தில் சாதி கேட்பதைக் குற்றமாக்கு. ரத்த வங்கியில் கேட்கிறாயா? என் கவுண்டரில் சேரிக்காரன் கட்டிய நோட்டை அடுத்த நிமிஷம் மிராசுதார் எண்ணி வாங்கிப் போகிறான், யாருடையது என்று கேட்பதில்லை. இதற்கும் 'வங்கி' என்றுதானே பெயர் வைத்திருக்கிறாய்? இரண்டாவது, முட்டை தந்தவளின் உடம்புக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும். மூன்றாவது, எழும்பூர் அரசு ஆஸ்பத்திரியில் திறந்த மையம் மாவட்டத்துக்கு ஒன்று வர வேண்டும். மூன்று லட்சம் புரட்ட எனக்கு பி.எஃப். லோன் இருக்கிறது. களையெடுக்கிறவளுக்குப் பிள்ளை ஆசை இருக்காதா? மலடி என்ற சொல் அவளைத்தான் அதிகம் அடிக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். "யார் வயித்துதா இருந்தா என்னடா தம்பி, இவ சொமந்து பெத்தா இவ புள்ள" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, அந்தப் பொண்ணுக்கு ஒடம்பு தேவலாமா?" என்றாள். நான் கேட்காமல் விட்ட கேள்வி.

அடுத்த நாள் குழுக் கடன் லெட்ஜரைப் பிரித்தேன். முகவரி இருந்தது. சாயங்காலம் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். படுத்திருந்தாள், வயிறு வற்றிவிட்டது. கைக்கு 18,000 வந்ததாம், புரோக்கரம்மா பிடித்தது போக.

படிவத்தை வியாழக்கிழமை திருப்பிக் கொடுத்தோம். அந்தக் கட்டத்தில் என் துணைவி 'இல்லை' என்று எழுதியிருந்தாள். கவுன்சலிங் பெண் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏதாச்சும் ஒண்ணு போடணும் மேடம். இல்லன்னா சிஸ்டம் அடுத்த பக்கத்துக்குப் போவாது."

"போவலன்னா போவட்டும்" என்று உட்கார்ந்துகொண்டாள். இதை எழுதும்வரை அடுத்த பக்கம் திறக்கவில்லை.