படுத்தால்தான் நோயா?

போன மாசம் எங்க பேகம்பூர் அக்கா ஒருத்தர் தோட்டை அடகு வைக்க என் கவுண்டருக்கு வந்தாங்க. எதுக்குக்கா என்றேன். "தம்பிக்குத் தூக்கமே இல்லப்பா. மதுரையில ஒருத்தர் உக்கார வச்சுப் பேசுறாராம். ஒரு தடவைக்கு ஆயிரம் ரூவா. காப்பீட்டு அட்டை செல்லாதுன்னுட்டாங்க." பையன் பட்டம் படித்தவன். விடுதியில் சாதி சொல்லிக் கேலி பேசியே அவன் வாயை அடைத்துவிட்டார்கள். கடன் படிவத்தில் காரணம் 'மருத்துவம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

மருத்துவம்தானே அது? 2017 மனநலச் சட்டம் என்ன சொல்கிறது? உடல்நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. 2018 மே 29 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நம் குடும்ப அட்டையில் ஆண்டுக்கு 5 லட்சம் உண்டு. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் சிகிச்சைக்கு. கட்டிலில் படுத்தால் காசு. நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் இல்லை. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம், மறுக்கவில்லை. அந்த வரிசையில் ஒருத்தன் மனசைத் திறக்க எத்தனை நிமிசம் கிடைக்கும்?

பேச ஆள் இல்லை என்பார்கள். இருக்கிறார்கள். மருத்துவ உளவியல் படிக்கும் பிள்ளைகள், மூத்தவர் மேற்பார்வையில் நோயாளிகளோடு உட்கார்ந்துதான் தொழிலே கற்கிறார்கள். அவர்கள் பேசும் நேரத்துக்கும் காப்பீடு பணம் தரட்டும் என்கிறேன்.

"கத்துக்குட்டிக்கு நம்ம சனம்தான் சோதனை எலியா?" என்று தோழர் ஒருவர் கோபப்பட்டார். நியாயமான கோபம். ஊசி குத்திப் பழக ஏழை கைதானே எப்பவும் கிடைக்கிறது! ஆனால் ஆபத்து பயிற்சியில் இல்லை, கண்காணிப்பு இல்லாத பயிற்சியில் இருக்கிறது. கோவாவில் மருத்துவரே அல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் பயிற்சி பெற்று, மேற்பார்வையோடு ஆறிலிருந்து எட்டு அமர்வு பேசினார்கள். கடும் மனச்சோர்வில் இருந்தவர்கள் தேறினார்கள். 2017இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இது. இங்கிலாந்தில் 2008இல் தொடங்கிய பேச்சு சிகிச்சைத் திட்டத்தில் பயிற்சியாளர்கள் அரசுச் சம்பளத்தோடே நோயாளிகளைப் பார்க்கிறார்கள்.

சம்பளம் என்ற இடத்தில் நம் பிரச்சினை இன்னொன்றும் இருக்கிறது. காசில்லாமல் வருசக்கணக்கில் பயிற்சி எடுக்க யாரால் முடியும்? அப்பன் சொத்து உள்ளவனால். அவன் முன்னால் நம்ம பையன் போய் உட்கார்ந்து சாதி வலியைச் சொன்னால், "ரொம்ப யோசிக்காதீங்க" என்று அனுப்பிவிடுவான். சேரிப் பிள்ளைகளும் அந்த நாற்காலிக்கு வரவேண்டும் என்றால் பயிற்சிக்குக் கூலி வேண்டும்.

ஆகவே கேட்போம்: புறநோயாளி அமர்வுக்கும் காப்பீடு. ஒவ்வொரு அமர்வுக்கும் மேற்பார்வையாளர் பேரும் கையெழுத்தும். பேசுபவர் பயிற்சியாளர் என்று முன்கூட்டியே சொல்லி, வேண்டாம் என மறுக்கும் உரிமை. பயிற்சியாளருக்கு உதவித்தொகை.

மாணவத் தோழர்களே, வரும் திங்கள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வாருங்கள். நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு வருகிறேன். அந்த அக்காவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.