ரெண்டரை மில்லிதானேன்னு விடாதீங்க

உத்திரமேரூர்ல வீட்டுப் பின்கட்டுல பழைய லேத் ஒண்ணு வெச்சிருக்கேன். அப்பாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு அதுலதான் வைத்தியம். நம்ம வண்டலூர்ல செஞ்ச காருங்க. இந்த ஹெரால்டு சேஸியைச் சுருக்கித்தான் இங்கிலாந்துல 1962-ல ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரே வந்துச்சு.

இதோட வீல் போல்ட் வட்டம் 95.25 மி.மீ. கடையில கிடைக்கிற 4 போல்ட் அலாய் பலதும் 100. "ஓட்டைக்கு ரெண்டரை மில்லிகூட வராது, ராவி மாட்டுப்பா"ன்னாங்க. மாட்டினேன். செங்கல்பட்டு ரோட்டுல ஸ்டீயரிங் உதறல். இறங்கிப் பார்த்தா ரெண்டு நட்டு லூசு. பின் சீட்ல பொண்ணு தூங்கிட்டிருந்தா.

நட்டோட கூம்பு முழுசா உட்காரலேன்னா ஸ்டட் வளைஞ்சு வளைஞ்சு ஒருநாள் அறுந்துடும். கியர் குமிழ் கடைங்க, யார் வேணாம்னா? வீலுக்கு மட்டும் டயல் கேஜ் வெச்சுப் பார்த்து முறையா அடாப்டர் கடையத் தெரியலேன்னா, பழைய இரும்பு வீலே போதும் சாமி!