அட்டைக் கட்டணமும் அரசின் கணக்கும்

2017 ஜனவரி 8-ஆம் தேதி பெட்ரோல் நிலைய உரிமையாளர்கள் ஓர் அறிவிப்பை வெளியிட்டனர். மறுநாள் முதல் கடன் அட்டை, பற்று அட்டை எதையும் ஏற்கப்போவதில்லை என்பதுதான் அது. ரூ.500, ரூ.1,000 நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டு அன்றோடு சரியாக இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. ரொக்கத்தை விட்டு அட்டைக்கு மாறுங்கள் என்று மக்களிடம் மத்திய அரசு மன்றாடிக் கொண்டிருந்த வேளையில், அட்டைப் பரிவர்த்தனைக்கு 1 சதவீதம் வரை கட்டணம் பிடிக்க வங்கிகள் முற்பட்டிருந்தன. லிட்டருக்கு இவ்வளவு என்று வரையறுக்கப்பட்ட கழிவில் தொழில் நடத்துபவர்கள், விற்பனைத் தொகை முழுவதற்கும் சதவீதம் கேட்டால் கொதிக்காமல் என்ன செய்வார்கள்? அரசு தலையிட்டது, முடிவு 13-ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பிறகு, வாடிக்கையாளரும் தரவேண்டாம், நிலைய உரிமையாளரும் தரவேண்டாம், வங்கிகளும் எண்ணெய் நிறுவனங்களும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லப்பட்டது.

யார் தருவது என்ற அந்தக் கேள்விக்கு இன்றுவரை நேரான விடை இல்லை.

வங்கி வட்டாரத்தில் எம்.டி.ஆர். எனப்படும் இந்தக் கட்டணம், அட்டையைத் தேய்த்தவரிடம் வசூலிக்கப்படுவதில்லை. கடைக்காரருக்கு வந்துசேர வேண்டிய தொகையிலிருந்து கழித்துக்கொள்ளப்படுகிறது. அட்டை வழங்கிய வங்கி, கடைக்கு இயந்திரம் கொடுத்த வங்கி, இடையில் நிற்கும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்பு ஆகிய மூவரும் இதைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். பெரும்பங்கு அட்டை வழங்கிய வங்கிக்கு. இதை ரசீதில் தனியாகச் சேர்க்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ரசீதில் சேர்க்க முடியாதது பொருளின் விலையில் சேர்ந்துவிடுகிறது. ரொக்கம் கொடுத்து வாங்குபவரும் அந்த விலையைத்தான் தருகிறார்.

இக்கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் முயற்சி புதிதல்ல. 2012-இல் பற்று அட்டைக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதித்தது: ரூ.2,000 வரை 0.75 சதவீதம், அதற்கு மேல் 1 சதவீதம். 2016 இறுதியில் சில வாரங்களுக்குக் கட்டணமே தள்ளுபடியானது. 2017 தொடக்கத்தில் சிறு தொகைகளுக்கு வரம்பு மேலும் குறைக்கப்பட்டது. 2018 ஜனவரி முதல், ஆண்டு விற்றுமுதல் ரூ.20 லட்சம் வரை உள்ள வணிகருக்கு 0.40 சதவீதம், மற்றவர்களுக்கு 0.90 சதவீதம் என்று ஆனது. 2020 ஜனவரி 1 முதல் ரூபே பற்று அட்டைக்கும் யு.பி.ஐ. பரிவர்த்தனைக்கும் கட்டணம் அடியோடு நீக்கப்பட்டது. எட்டே ஆண்டுகளில் ஐந்து ஏற்பாடுகள்!

சிறு வணிகருக்கு இது பெரும் நிவாரணம் என்பதில் ஐயமில்லை. தள்ளுவண்டியில் காய்கறி விற்பவரும் கைப்பேசிக் குறியீட்டை ஒட்டிவைத்து, விற்ற காசு முழுவதையும் பெறுகிறார். ஆனால், அதே சலுகை நாடு முழுவதும் கிளை பரப்பிய பல்பொருள் அங்காடிக்கும், இணைய வணிகப் பெருநிறுவனத்துக்கும் எதற்கு?

கட்டணம் நீங்கியதால் செலவு நீங்கிவிடவில்லை. ரூ.800 மதிப்புள்ள ஒரு யு.பி.ஐ. வணிகப் பரிவர்த்தனைக்குச் சுமார் ரூ.2 செலவாகிறது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே தனது விவாத அறிக்கையில் குறிப்பிட்டது. அதாவது கால் சதவீதம். இதை ஈடுகட்ட அரசு கருவூலத்திலிருந்து ஊக்கத்தொகை தருகிறது. 2021-22-க்கு ரூ.1,300 கோடி, 2022-23-க்கு ரூ.2,600 கோடி என்று ஏறிய அந்தத் தொகை, 2024-25-க்கு ரூ.1,500 கோடியாக இறங்கியது. சிறு வணிகரிடம் நடக்கும் ரூ.2,000 வரையிலான யு.பி.ஐ. பரிவர்த்தனைக்கு மட்டும் 0.15 சதவீதம் என்பது அந்த ஆண்டின் ஏற்பாடு. ரூ.800-க்குக் கணக்கிட்டால் ரூ.1.20. ரூபே பற்று அட்டை அந்தத் திட்டத்தில் இடம்பெறவே இல்லை.

இதிலுள்ள வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். ரூபே உள்நாட்டு அட்டை. 2014-இல் அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. விசா, மாஸ்டர்கார்டு பற்று அட்டைகளுக்கு 0.90 சதவீதம் வரை வாங்கலாம். ரூபேக்கு ஒரு காசும் வாங்கக்கூடாது. எந்த அட்டையை வாடிக்கையாளர் கையில் கொடுக்க ஒரு வங்கி மேலாளர் விரும்புவார்? சுதேசியை வளர்ப்பதற்காகப் போட்ட விதி, சுதேசியையே வருமானமில்லாத சரக்காக்கிவிட்டது.

இதைவிடப் பெரிய முரண் கடன் அட்டையில் இருக்கிறது. மக்கள் தங்கள் கணக்கில் வைத்திருக்கும் சொந்தப் பணத்தைச் செலவிடும் பற்று அட்டைக்கு இத்தனை கட்டுப்பாடு விதித்த நமது அமைப்பு, கடன் அட்டைக்கு எந்த உச்சவரம்பையும் விதிக்கவில்லை. அங்கே 2 சதவீதம் அளவில் கழிப்பது சாதாரணம். ரூ.800-க்கு ரூ.16. வட்டியில்லாத தவணைக் காலம், திரும்பி வராத கடன் ஆகியவற்றின் சுமை வங்கிக்கு உண்டு என்பது நியாயமான வாதம்தான். ஆனால், வெகுமதிப் புள்ளிகளும் விமான நிலைய ஓய்வறைச் சலுகைகளும் பெருமளவு இந்த வருவாயிலிருந்துதான் வருகின்றன. மளிகைக் கடையில் ரொக்கம் எண்ணிக் கொடுக்கும் கூலித் தொழிலாளி, தான் ஒருநாளும் காணப்போகாத ஓய்வறைக்குப் பங்களிக்கிறார்.

ஆஸ்திரேலியா 2003-இலேயே கடன் அட்டைக்கான வங்கியிடைக் கட்டணத்துக்குக் கடிவாளமிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் பற்று அட்டைக்கு 0.2, கடன் அட்டைக்கு 0.3 சதவீதம் என்று வரம்பு கட்டியது. கடிவாளத்துக்குப் பிறகு ஆஸ்திரேலிய வங்கிகள் வெகுமதிகளைக் குறைத்து ஆண்டுக் கட்டணத்தை உயர்த்தின. சலுகையை அனுபவிப்பவரே அதற்கான விலையையும் தருவதில் குறைகூற என்ன இருக்கிறது?

விவாத அறிக்கை வெளியான அதே மாதத்தில், யு.பி.ஐ.-க்குக் கட்டணம் விதிக்கும் எண்ணமில்லை என்று நிதி அமைச்சகம் அவசரமாக அறிவித்தது. 2025 ஜூனிலும் அதே மறுப்பு. அடுத்த மாதமே, செலவை யாராவது ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்றார் ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா. ஒரே விஷயத்தில் இரு குரல்கள்.

சிறு வணிகருக்குக் கட்டணமின்மை தொடரட்டும். பெருநிறுவனங்கள் உண்மைச் செலவை ஒட்டிய சிறு கட்டணம் தரட்டும். கடன் அட்டைக்கும் உச்சவரம்பு வரட்டும். அந்தச் செலவு எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் ரிசர்வ் வங்கி கணக்கிட்டு வெளியிட வேண்டும். பட்ஜெட்டில் மிஞ்சுவதைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது. 2019-இல் கட்டணத்தை நீக்கிய சட்டத் திருத்தம், நிதி மசோதாவுக்குள் ஒரு பிரிவாக நுழைந்து நிறைவேறியது. இம்முறையாவது தனி மசோதாவாகக் கொண்டுவந்து, நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பி, வணிகர் சங்கங்களையும் வங்கிகளையும் ஒரே மேசையில் அமரவைத்துக் கேட்கலாம்.