கடை எரிந்த பிறகும் வாழ்க்கை உண்டு



போன வாரம் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். திண்டுக்கல்லில் நடத்திய கடை நஷ்டமாகி மூடிவிட்டாராம். "சித்தையன்கோட்டை பஸ்ஸில் ஏறவே கூச்சமா இருக்கு சார். எல்லாரும் அதையே கேக்குறாங்க" என்றார். அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

நாராயண பிள்ளை என்று ஒருவர். பினாங்கில் இருந்த தமிழர். 1819 மே மாதம் ராஃபிள்ஸ் வந்த கப்பலில் சிங்கப்பூரில் போய் இறங்கினார். முதலில் அரசாங்கத்தில் குமாஸ்தா வேலை. குடியேற வருகிறவர்களுக்கெல்லாம் வீடு வேண்டுமே என்று யோசித்தவர், செங்கல் சூளை போட்டார். பினாங்கிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். சிங்கப்பூரின் முதல் கட்டட ஒப்பந்தக்காரர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். பிறகு கிராஸ் ஸ்ட்ரீட்டில் ஜவுளிக்கடை வைத்தார்.

1822இல் அந்தக் கடை தீயில் எரிந்தது. எல்லாம் கடனுக்கு எடுத்த சரக்கு. அவர் ஊரை விட்டு ஓடவில்லை. ராஃபிள்ஸிடம் நிலைமையைச் சொல்லி உதவி கேட்டார். நிலம் கிடைத்தது. மறுபடியும் கடை போட்டு எழுந்தார். 1827இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மரத்தாலும் கீற்றாலும் மாரியம்மன் கோயில் எழுப்பினார். அதே சாலையில், தமிழகக் கரையிலிருந்து போன முஸ்லிம்கள் கட்டிய ஜாமிஆ பள்ளிவாசலும் இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இது பழகிய காட்சிதான். 2019இல், சிங்கப்பூரின் 200ஆம் ஆண்டில், ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் கொஞ்ச நாள் இவர் சிலையையும் வைத்தார்கள்.

கதையைக் கேட்டுவிட்டு மாணவர் ஒரு கேள்வி கேட்டார். "எல்லாருக்கும் ஒரு ராஃபிள்ஸ் கிடைப்பாரா சார்?"

நியாயமான கேள்வி. கிடைக்க மாட்டார். அதனால்தான் அந்த இடத்தில் ஊர் நிற்க வேண்டும் என்கிறேன். தொழிலில் விழுந்தவரிடம் "எவ்வளவு கடன்?" என்று கேட்பதை நிறுத்துவோம். பணம் கொடுத்தவர்கள் கொஞ்சம் தவணை கொடுங்கள். அவர் மறுபடி ஒரு பெட்டிக்கடை போட்டாலும் அங்கே போய் வாங்குங்கள்.

ஆசிரியர்களாகிய எங்கள் மீதும் தப்பு உண்டு. பெரிய மனிதர்கள் ஜெயித்ததை மட்டுமே பாடமாக நடத்தினோம். அவர்கள் கடன்பட்டதையும், கூச்சப்படாமல் உதவி கேட்டதையும் சொல்லவே இல்லை. அதையும் சொல்லியிருந்தால், என் மாணவர் அன்று தலைகுனிந்து உட்கார்ந்திருக்க மாட்டார்.

உங்கள் எண்ணத்தையும் எழுதுங்கள்.