தலையெழுத்தை எழுதுவது யார்?

நம் நாட்டில் தலையெழுத்து என்னும் வார்த்தையை உபயோகிக்காத வீடு கிடையாது. பையனுக்குப் படிப்பு வராவிட்டால் தலையெழுத்து. பெண் புருஷனை இழந்தால் தலையெழுத்து. கூலிக்காரன் மகன் கூலிக்காரனாகவே இருந்து செத்தால் அதுவும் தலையெழுத்து. இதற்குச் சாட்சி எங்கே என்று கேட்டால், சுடுகாட்டில் கிடக்கும் மண்டை ஓட்டைக் காட்டி, அதில் கோணல்மாணலாய் ஓடும் கோடுகளே பிரமன் எழுதிய எழுத்து என்று சொல்லும் பெரியவர்களை நம்மில் பலர் சிறு வயதில் பார்த்திருக்கின்றோம்.

அந்தக் கோடுகள் யாவெனில், மண்டையின் எலும்புத் தகடுகள் ஒன்றோடொன்று சேரும் பொருத்துகளேயாகும். குழந்தை பிறக்கும்போது அவை ஒட்டியிருப்பதில்லை. கைக்குழந்தையின் தலையைத் தடவிப் பார்த்த எந்தத் தாய்க்கும் உச்சிக்குழி மெத்தென்றிருப்பது தெரியும். ஏன் அப்படி? பிறந்த குழந்தையின் மூளை, பெரியவர் மூளையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். இரண்டு வயதுக்குள் அது முக்கால் பங்கு அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. வளரும் மூளைக்கு இடம் விடவே ஓடு மூடாமல் இருக்கிறது. ஆகவே எழுத்து என்று நமக்குக் காட்டப்பட்ட கோடுதான், பிறக்கும்போது எதுவும் எழுதி முடிந்துவிடவில்லை என்பதற்குச் சாட்சியாய் இருக்கின்றது.

பின், பிறந்த பிறகு அதில் எழுதுவது யார்? சோறும், பேச்சும், தூக்கி அணைக்கும் கையும் எழுதுகின்றன என்று எல்லோரும் ஒப்புக்கொள்வர். சர்க்காரின் சட்டமும் எழுதுகின்றது என்பதற்கு ருமேனியா தேசத்தில் நடந்ததைச் சொல்லுகின்றோம்.

1966-ஆம் வருஷத்தில் அத்தேசத்தை ஆண்ட சௌசெஸ்கு என்பவர், ஜனத்தொகை பெருகினால் தேசம் பலப்படும் என்று எண்ணி, கருக்கலைப்பைத் தடுத்து ஒரு கட்டளை பிறப்பித்தார். வயது முதிர்ந்தவர்களுக்கும் நான்கு பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் மாத்திரமே முக்கியமான விலக்கு. கர்ப்பத்தடைச் சாதனங்களும் கிடைப்பது அரிதாயிற்று. பிள்ளையில்லாதவர்களுக்குத் தனி வரி போடப்பட்டது. தொழிற்சாலைகளில் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனைகூட நடந்தது. பெண்களுக்குப் பிள்ளை பெறும் யந்திரங்களாயிருக்கக் கட்டாயமில்லை, கர்ப்பம் அவர்கள் இஷ்டத்தைப் பொறுத்தது என்று 1930-களிலேயே நம் இயக்கம் சொன்னபோது, இது குடும்பத்தைக் கெடுக்கும் பேச்சு என்று கூச்சலிட்டவர்கள், இந்தக் கட்டளை குடும்பத்தை என்ன செய்தது என்பதைக் கவனிக்க வேண்டுகின்றோம். வளர்க்க வகையற்ற தாய்மார் பிள்ளைகளைச் சர்க்கார் விடுதிகளில் கொண்டுபோய் விட்டார்கள். சர்க்காரும், பெற்றவர்களைவிடத் தாங்களே நன்றாய் வளர்ப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டது. 1989-இல் அவ்வாட்சி கவிழ்ந்தபோது லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இப்படி விடுதிகளில் கிடந்தனர். சௌசெஸ்கு சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாளே அந்தக் கட்டளை நீக்கப்பட்டது.

அவ்விடுதிகளில் பத்துப் பதினைந்து குழந்தைகளுக்கு ஒரு ஆயா. பாலும் துணியும் முறைப்படி கிடைத்தாலும், பெயர் சொல்லிக் கூப்பிடவோ, பேசவோ, அழுதால் தூக்கவோ ஆளில்லை. உள்ளே போய்ப் பார்த்தவர்களைத் திடுக்கிடச் செய்தது அங்கிருந்த அழுகையல்ல, அழுகை இல்லாமையே. அழுது பயனில்லை என்று கைக்குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது. இது போதாதென்று, மூன்று வயதில் குழந்தைகளைப் பரிசோதித்து, இது தேறும், இது தேறாது என்று பிரிப்பார்கள். தேறாது என்று முத்திரை விழுந்தது இன்னும் கேடான விடுதிக்குப் போகும். மூன்று வருஷம் பேசாமல் வைத்திருந்து, பேச வரவில்லை, ஆகவே தேறாது என்று எழுதிவிட்டார்கள்.

அவ்வாட்சியினர் கடவுள் நம்பிக்கையற்றவர்கள்தானே, உங்கள் பகுத்தறிவு அங்கே என்ன செய்தது என்று நம் எதிரிகள் கேட்கக்கூடும். கேட்கட்டும். கேள்வி நியாயமானதே. பிரமனை நீக்கிவிட்டு அவன் எழுத்தாணியை ஒரு சர்க்கார் குமாஸ்தா கையில் கொடுத்தால் அது பகுத்தறிவாகிவிடாது. ஒரு மனுஷனின் கதி பிறப்பிலோ மூன்று வயதிலோ முடிந்துவிட்டதென்று பரீட்சையில்லாமல் நம்புகிறவன், கோயிலுக்குப் போனாலும் போகாவிட்டாலும் தலையெழுத்துக்காரனே.

நிற்க, பரீட்சை செய்தவர்களும் உண்டு. நெல்சன், ஃபாக்ஸ், ஜீனா என்னும் மூன்று அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் 2000-ஆம் வருஷத்தில் ருமேனியத் தலைநகராகிய புகாரெஸ்டில் ஒரு வேலை ஆரம்பித்தார்கள். ஆறு விடுதிகளிலிருந்து 6 மாதம் முதல் 31 மாதம் வரையுள்ள 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கி, 68 பேரைச் சம்பளம் கொடுத்து அமர்த்திய வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். மற்ற 68 பேர் முன்போலவே இருந்தனர். சாமி சந்நிதியில் திருவுளச்சீட்டுப் போடும் நம்மவர்கள் இந்தச் சீட்டின் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பார்வைக்குக் கெட்டியான குழந்தைகளாகப் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு அவை நன்றாயிருக்கின்றன என்று சொன்னால், அது வீட்டின் பலனா, முதலிலேயே இருந்த கெட்டித்தனமா என்று யாரும் கேட்கலாம். குலுக்கிப் போட்டால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

பாதிப் பேரை விடுதியிலேயே விட்டது கொடுமையல்லவா? நமக்கும் முதலில் அப்படியே பட்டது. ஆனால் அந்நகரில் அதுவரை வளர்ப்புக் குடும்ப ஏற்பாடே அனேகமாய் இல்லை. இவர்கள் வராதிருந்தால் 136 பேருக்கும் விடுதிதான். அன்றியும், விடுதியில் நின்ற குழந்தைக்குச் சொந்த வீடோ வேறு வீடோ கிடைத்தால் ஆராய்ச்சிக்காக அதைத் தடுப்பதில்லை என்று முன்கூட்டியே ஏற்பாடு. அப்படிப் பலர் வெளியேறினர். இவ்வளவு சொல்லியும் மனம் முழுவதும் சமாதானமாகவில்லை என்பதை மறைக்கமாட்டோம்.

பலன் என்ன? 2007-இல் வெளியிட்ட கணக்குப்படி, நாலரை வயதில், 100 என்பதைச் சாதாரணமாகக் கொண்ட புத்தி அளவில், விடுதிக்கென்று சீட்டு விழுந்தவர்களின் சராசரி 73; வளர்ப்பு வீட்டுக்குப் போனவர்களுக்கு 81; என்றும் விடுதியையே காணாமல் பெற்றோரிடம் வளர்ந்த அந்நகரக் குழந்தைகளுக்கு 109. வீட்டுக்குப் போனவர்களிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் அதிகமாய்த் தேறினர். மூளையில் ஓடும் மின்சார அலைகளை எட்டு வயதில் அளந்தபோது, இரண்டு வயதுக்கு முன் வீடு சேர்ந்தவர்களின் அலைகள், பெற்றோரிடம் வளர்ந்த பிள்ளைகளின் அலைகளைப் போலவே இருந்தன. அதே விடுதி, அதே ஏழ்மை. வித்தியாசம் ஒரு சீட்டும் ஒரு அம்மாவுமே. எந்தக் குழந்தை முற்பிறவியில் என்ன பாவம் செய்தது என்று சீட்டைக் குலுக்கியவர் பார்க்கவில்லை.

பிறகு 2004-இல் ருமேனியா ஒரு சட்டம் செய்தது. கடுமையான ஊனமுள்ளவை நீங்கலாக, இரண்டு வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தையையும் விடுதியில் வைக்கக்கூடாது என்பது அதன் ஒரு பிரிவு. அது 2005 முதல் அமலுக்கு வந்தது. பிற்பாடு அந்த வயதும் உயர்த்தப்பட்டது. மூளை ஆராய்ச்சி ஒன்றே இதைச் செய்துவிட்டதாக நாம் அளக்கவில்லை. ஐரோப்பிய யூனியனில் சேரவேண்டும் என்ற ஆசையும், அதற்காக அந்த யூனியன் கொடுத்த நெருக்கடியும் பெரிய காரணங்கள். ஆயினும் எந்த வயதுக்குள் என்று கேட்டபோது, கையில் காட்டுவதற்கு ஒரு கணக்கு இருந்தது.

மூளை என்று சொன்னவுடனே நம்பிவிடவும் கூடாது. கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்கலாம் என்று நடுமூளையைத் திறக்கக் காசு வாங்கும் வியாபாரிகள் நம்மூருக்கே வந்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய மோசடியைச் சர்க்கார்களே செய்திருக்கின்றன. 1901-ஆம் வருஷத்து ஜனக்கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி என்னும் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் மூக்கின் அகலத்தை அளந்து ஜாதிக்கு விஞ்ஞான முத்திரை குத்தப் பார்த்தார். அமெரிக்காவில் 1927-இல் கேரி பக் என்னும் இளம்பெண்ணைப் பரம்பரைப் புத்தியீனம் உள்ளவளென்று சொல்லி, அவளுக்கு இனிப் பிள்ளை பிறக்காதபடி ஆப்பரேஷன் செய்யலாம் என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது. புத்தியீனத்தின் வாரிசு என்று கூறப்பட்ட அவளுடைய மகளோ பள்ளிக்கூடத்தில் நன்றாய்ப் படிப்பவர்கள் பட்டியலில் இடம் பெற்றாள். பிறப்பிலேயே முடிந்ததென்று சொல்லும் விஞ்ஞானம் எப்போது வந்தாலும் அதை இரண்டு முறை சோதிக்க வேண்டும்.

இனி நம் நாட்டு விஷயம். 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தில், குழந்தையை விடுதியில் வைப்பது கடைசி வழியாகவே இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கின்றது. வளர்ப்புக் குடும்பத்துக்கும் அதில் தனிப் பிரிவு இருக்கின்றது. ஆனால் நம் கனவான்களோ, தங்கள் பிறந்தநாளன்றும் தகப்பனார் திதியன்றும் அனாதை விடுதியில் பாயசத்தோடு சாப்பாடு போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, புண்ணியம் சேர்ந்ததென்று வீட்டுக்குப் போகின்றார்கள். மறுநாளும் அந்தக் குழந்தைக்கு ஒரு வேளைச் சோறு யாராவது போட்டுவிடுவார்கள். தினமும் வந்து தூக்கும் ஒரே ஆள்தான் கிடைப்பதில்லை. அங்குள்ள பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருக்கிறார்கள். வறுமைக்காகவும் படிப்புக்காகவும் விட்டவர்கள். விடுதிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை அந்தத் தாயிடமே கொடுத்தால் பிள்ளை வீட்டிலேயே இருக்கும்.

வளர்ப்புக் குடும்பமாக வாருங்கள் என்று யாரையாவது கேட்டால், "அது என்ன ஜாதிக் குழந்தையோ, என்ன நட்சத்திரமோ" என்பதுதான் முதல் பதில். நம் தோழர்களின் வீட்டிலும் இந்தப் பதிலை நாம் கேட்டிருக்கின்றோம். மேடையில் ஜாதியை ஒழித்துவிட்டு வந்தவர்களுடைய வீடு அது. ஜாதகம் பார்க்காமல் கலியாணம் செய்துகொண்ட நம்மவர்கள், ஜாதகம் பார்க்காமல் ஒரு குழந்தையை வளர்க்கவும் முன்வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம். இதற்கு மனுச் செய்யவேண்டிய இடம் ஒவ்வொரு ஜில்லாவிலும் உள்ள குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆபீசு ஆகும்.