தாய் படிக்கப் போனால் சோறு வடிப்பது யார்?

கேரளத்தில் ஒரு பாட்டி. பெயர் கார்த்தியாயினி அம்மா. ஆலப்புழை மாவட்டத்துக்காரர். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். 2018-ஆம் ஆண்டில் எழுத்தறிவுப் பரீட்சை எழுதினார். அப்போது வயது 96. நூற்றுக்கு 98 மார்க் வாங்கி, முதலிடம் பெற்றார்!

கொல்லம் மாவட்டத்தில் இன்னொரு பாட்டி. பெயர் பாகீரதி அம்மா. நான்காம் வகுப்புக்குச் சமமான பரீட்சையில் தேறினார். 2020-ல் முடிவு வந்தபோது வயது 105. கணக்கில் முழு மார்க்!

கடல் கடந்து கென்யா நாட்டிலும் இப்படி ஒரு கிழவர் இருந்தார். பெயர் மருகே. 2004-ல், 84 வயதில், சின்னஞ்சிறு பிள்ளைகளோடு ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தார்.

இவர்களை உலகமே பாராட்டியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். 96 வயதில் புத்தகத்தை எடுத்தவரைப் பார்த்து, "உலை வைத்தாயா?" என்று யாரும் கேட்பதில்லை. பாட்டி படித்தால் அது பத்திரிகைச் செய்தி. தாய் படிக்கப் போனாலோ, "சோறு வடிப்பது யார்?" என்ற கேள்வி எழுகிறது.

உண்மையான கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

ஆற்றங்கரையில் ஒரு குடும்பம்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் இருக்கிறது நோணாங்குப்பம். பக்கத்தில் சுண்ணாம்பாறு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் படகுக் குழாமில் கூட்டம் அலைமோதும். வெளியூர்க்காரர்கள் படகேறிக் கடற்கரைக்குப் போவார்கள், வருவார்கள்.

அந்த ஊரில் 38 வயதுப் பெண் ஒருத்தி இருப்பதாக எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. டவுனில் ஒரு விடுதியில் அறைகளைக் கூட்டிப் பெருக்கும் வேலை. மாலை ஆறு மணிக்கு பஸ்சை விட்டு இறங்குவாள். தண்ணீர் பிடிக்க வேண்டும். அடுப்பு மூட்ட வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு மறுநாள் துணி துவைத்துப் போட வேண்டும்.

இவளுக்குப் பத்தாம் வகுப்பு எழுத வேண்டும் என்று ஆசை. எழுதலாமா? எழுதினால் லாபமா, நஷ்டமா?

வழி இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்ற மத்திய அரசு நிறுவனம், 1989 முதல் நடந்து வருகிறது. 14 வயது நிரம்பிய எவரும் அதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். மேல் வயதுக்கு வரம்பில்லை. தமிழிலேயே எழுதலாம். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவர், பத்தாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கும் அளவுக்குத் தமக்குப் படிப்பு உண்டு என்று எழுதிக் கொடுத்தால் போதும். ஒரு முறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டு செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஒவ்வொரு பாடமாகவும் எழுதித் தேறலாம்.

எழுத்தே தெரியாதவர்களுக்கும் வழி உண்டு. "உல்லாஸ்" என்ற எழுத்தறிவுத் திட்டம் 2022-ல் தொடங்கப்பட்டது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொண்டர்கள் சொல்லித் தருகிறார்கள். கட்டணம் கிடையாது.

உண்மையான செலவு எது?

பத்தாம் வகுப்புக்குக் கட்டணமும் புத்தகமும் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய் ஆகும். பெரிய செலவு அதுவல்ல. நேரம்தான் பெரிய செலவு!

நாளைக்கு 2 மணி நேரம் படிக்கிறாள். வாரத்துக்கு 5 நாள். ஆண்டுக்கு 50 வாரம். மொத்தம் 500 மணி. அந்த நேரத்தில் வேறு வேலை பார்த்து, மணிக்கு 50 ரூபாய் சம்பாதிப்பாள் என்று வைத்தால் 25,000 ரூபாய்!

சான்றிதழால் மாதம் 1,000 ரூபாய் சம்பளம் கூடினால், 25 மாதத்தில் அது திரும்பிவிடும். 38 வயதில் அது நஷ்டமில்லை. 58 வயதில் அப்படிச் சொல்ல முடியாது. சம்பளம் கூடாமலே போகவும் இடமுண்டு. அரசாங்க வேலைகளுக்கு வயது வரம்பு இருக்கிறது. ஆகவே, "படித்தால் வேலை நிச்சயம்" என்று சொல்பவர்களை நம்பிவிடக் கூடாது. "பரீட்சையே எழுத வேண்டாம், சர்ட்டிபிகேட் வாங்கித் தருகிறோம்" என்று சொல்லும் தரகர்களையோ வாசற்படி ஏற விடக் கூடாது. போலிச் சான்றிதழ் வேலையைத் தராது; வழக்கைத்தான் தரும்.

சான்றிதழின் மதிப்பு பிறர் கையில் இருக்கிறது. இதற்கு ஓர் உதாரணம்: லாரி, வாடகை வண்டி ஓட்டுவதற்கு எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2019-ல் மத்திய அரசு அந்த விதியை நீக்கிவிட்டது. லைசென்சுக்காக மட்டும் எட்டாம் வகுப்பு எழுதியவருக்கு, அந்தச் சான்றிதழால் இன்று என்ன பயன்?

யாரும் பறிக்க முடியாத லாபம்

ஆனால், கற்ற எழுத்தின் மதிப்பு பிறர் கையில் இல்லை. அது கற்றவர் கையில் இருக்கிறது.

கடன் பத்திரத்தில் என்ன வட்டி எழுதியிருக்கிறது என்று தானே படிக்கலாம். மருந்துச் சீட்டில் "சாப்பாட்டுக்கு முன்" என்று இருக்கிறதா, "பின்" என்று இருக்கிறதா என்று பார்க்கலாம். மகளிர் குழுக் கணக்கில் தன் பெயருக்கு நேரே என்ன தொகை இருக்கிறது என்று கேட்கலாம். பாங்கியில் பணம் எடுக்க, ரகசிய எண்ணை முன்பின் தெரியாதவரிடம் சொல்ல வேண்டியதில்லை. இவற்றில் எந்த லாபத்துக்கும் வயது வரம்பு கிடையாது.

மகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம் என்று மட்டும் எண்ணிப் படிப்பவர்கள் ஏமாறக்கூடும். 2024-25 கல்வியாண்டு முதல் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடக்கின்றன. மகளின் பாடம் வேறு, தாயின் பாடம் வேறு. ஆனாலும், ஒரே விளக்கின் கீழ் தாயும் மகளும் படித்தால், "படி, படி" என்று தனியாக அதட்ட வேண்டியதில்லை.

வெட்கம் என்ற வட்டி

ரூபாயில் அடங்காத செலவு ஒன்றும் உண்டு. அதுதான் வெட்கம். "இந்த வயதில் எதற்கு?" என்று அண்டை வீட்டில் கேட்பார்கள். ஒரு பாடத்தில் தவறிவிட்டால், சொந்த வீட்டிலேயே சிரிப்பார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வெட்கத்தை ஊரே சேர்ந்து விரட்டிய காலம் ஒன்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. பெண்கள் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். தனியாக ஒருத்தி ஓட்டியிருந்தால் ஊர் சிரித்திருக்கும். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். சிரிப்பு அடங்கியது! புதுச்சேரியிலும் அறிவொளி இயக்கம் வீடு வீடாகப் போனது.

வேலை அத்தோடு முடிந்துவிடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, புதுச்சேரியில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு 85.85 பேர். பெண்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 81 பேர். அதாவது, அன்று ஐந்து பெண்களில் ஒருத்திக்கு எழுத்துத் தெரியாது. கற்றவர்களும் படிக்காமல் விட்டால், எழுத்து மறந்துபோகும். புழங்காத அரிவாள் துருப்பிடிப்பதுபோலத்தான்.

யார் என்ன செய்ய வேண்டும்?

படிக்க நினைப்பவர் முதலில் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: "எனக்கு வேண்டியது எழுத்தா, சான்றிதழா?" எழுத்து என்றால், எந்த வயதிலும் தயங்க வேண்டாம். சான்றிதழ் என்றால், அது எந்த வேலைக்கு, அந்த வேலைக்கு வயது வரம்பு என்ன என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும்.

அரசாங்கம், ஊருக்குள்ளேயே, வேலை முடிந்து வருகிற நேரத்தில், வகுப்பு நடத்த வேண்டும். முதலாளிகள் பரீட்சை நாளில் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும். ஆண்டுக்குச் சில நாள் லீவு கொடுப்பதால் எந்த விடுதியும் மூடப்பட்டுவிடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் இருப்பவர்கள் கணக்கைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அந்த 500 மணி நேரமும் அவள் தூக்கத்திலிருந்து எடுக்கப்பட்டால், படிப்பு நஷ்டம்தான், உடம்பு கெட்டுவிடும். கணவன் தண்ணீர் பிடித்து, மகன் பாத்திரம் கழுவி, மகள் கணக்குச் சொல்லித் தந்தால், அதே படிப்பு லாபம்.

நோணாங்குப்பத்துப் பெண் படிக்கலாமா என்ற கேள்விக்கு விடை, அவள் வயதில் இல்லை. மாலை ஏழு மணிக்கு அந்த வீட்டு அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது.