பில் மென்பொருள் திறக்கவில்லையா? 'போமட்' பண்ண அவசரப்படாதீர்கள்

விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. இதனால் எமது கல்முனைப் பகுதிக் கடைகள் சிலவற்றிலும் புதிய கணினிகள் வந்துள்ளன. ஆனால் பில் போடும் மென்பொருள் பத்து வருடப் பழையது. அதை ஏற்றித் திறந்தால், 'டொட் நெட் ப்ரேம்வேர்க் 3.5 தேவை' என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது.

உடனே கிடைக்கும் ஆலோசனை 'போமட் பண்ணுங்கள்' என்பதுதான். என்னைக் கேட்டால், இது காசு கொடுத்து நஷ்டத்தை வாங்கும் வேலை. எனக்குத் தெரிந்த புடைவைக்கடைக்காரர் ஒருவர் பழைய கணினியைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினார். கடன் கணக்கு முழுவதும் புதியதில்தான் இருந்தது. போமட் பண்ணியதில் அது போய்விட்டது. யார் எவ்வளவு தரவேண்டும் என்று கடன்காரரிடமே கேட்டு எழுதும் நிலை அவருக்கு. அதற்குப் பிறகும் அதே பெட்டிதான் வந்தது! மருதமுனையில் நாடா இல்லையென்று தறியையே பிரித்துப் பூட்டுவார்களா?

விடயம் இதுதான். மென்பொருளைச் செய்தவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. மைக்ரோசொப்ட் தரும் துணைப் பொதிகளின் மேல்தான் கட்டுகிறார். விண்டோஸ் 7உடன் 3.5 பொதி கூடவே வந்தது. விண்டோஸ் 8 முதல் அதை நாமே இயக்க வேண்டியதாயிற்று. கன்ட்ரோல் பெனலில் 'டேர்ன் விண்டோஸ் பீச்சர்ஸ் ஒன் ஓர் ஒப்' என்ற இடத்தில் அதற்கு அடையாளமிட்டால், இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். இணையம் மந்தமாக இருந்து அது தோற்றுப்போனால், அதே பதிப்பு விண்டோஸ் டிஸ்க்கில் 'சோர்ஸஸ்' கோப்புறைக்குள் இருக்கும் 'எஸ்எக்ஸ்எஸ்' கோப்புறையிலிருந்து ஏற்றலாம். தொழில் தெரிந்த பையனுக்கு இது சிறிய வேலை.

டிஎல்எல் கோப்பு ஒன்று இல்லையென்று வந்தால், அந்தக் கோப்பை மட்டும் கண்ட கண்ட தளங்களில் தேடி இறக்காதீர்கள். வைரஸ் வரும் வழிகளில் அதுவும் ஒன்று. பெரும்பாலும் குறைவது விஷுவல் சி பிளஸ் பிளஸ் பொதி. மைக்ரோசொப்டே அதை இலவசமாகத் தருகிறது. கணினி 64 பிட் ஆனாலும் 32 பிட் மென்பொருளுக்கு 32 பிட் பொதிதான் வேண்டும். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இதில் பெரிய பொறுப்பு மென்பொருளை விற்றவருக்கே உண்டு என்பது என் கருத்து. தன் சரக்குக்கு என்னென்ன துணைப் பொதிகள் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பட்டியலை பில்லிலேயே எழுதி, பொதிகளை ஒரு பென் டிரைவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். 3.5 பொதிக்கான ஆதரவு 2029 ஜனவரியில் முடிகிறது. அதற்குள் புதிய பதிப்பு வருமா, அதற்குத் தனியாகக் காசு கேட்பாரா என்பதையும் இப்போதே பேசி எழுதி வாங்குங்கள்.